உறைக்கு உரியவரைப் பதில் சொல்ல வைப்பது எப்படி: டெல்டா ஊராட்சிகளுக்கு ஒரு வழிகாட்டி

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைக் கடந்து குடமுருட்டியில் எங்கள் ஊர் மதகை எட்டும்போது, அதற்கு முன்னால் கறுத்த நுரையும், அந்த நுரையோடு கோடை முழுவதும் வாய்க்காலில் கிடந்த பாட்டில்களும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் வந்து சேரும். மதகுப் பலகையில் அவை அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது என்பதால், தொரட்டியும் மண்வெட்டியுமாக நான்கைந்து பேர் இறங்கி அரைநாள் அள்ளுவது வழக்கம். அள்ளியதைக் கரையில் போட்டுக் கொளுத்துவதும் வழக்கமாகவே இருந்தது. ஒரு முறை அந்தக் குவியலைக் கொளுத்தாமல் தார்ப்பாயில் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்படாத உறை அதில் மிகக் குறைவாகவே இருந்தது. உரியவர் யார் என்று தெரிந்தும் ஒருவரிடமும் கேட்காமல் இத்தனை ஆண்டுகள் நாமே அள்ளிக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த உரியவரிடம் கேட்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். ஊராட்சி நிர்வாகத்தில் இருப்பவர்கள், பாசனதாரர் சங்கத்தினர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகிய யாரும் இதைத் தொடங்கலாம். வழக்கறிஞரோ பெருந்தொகையோ தேவையில்லை. ஒரு முத்திரைத் தராசும், நீள நோட்டு ஒன்றும், ஓராண்டு காலப் பொறுமையும் வேண்டும்.

சட்டம் தரும் பிடி

பொருளைச் செய்து விற்றவரே அதன் உறை குப்பையான பிறகும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்துக்கு 1990இல் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட். ஜெர்மனி 1991இலேயே பொட்டல உறைகளுக்கு அதைச் சட்டமாக்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2014 முதல் வீடுகளிலிருந்து பொட்டல உறைகளையும் அச்சிட்ட காகிதத்தையும் சேகரித்து மறுசுழற்சி செய்யும் முழுச் செலவையும் உற்பத்தியாளர்களே ஏற்கிறார்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தப் பொறுப்பைச் சொல்லின; 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள்தாம் அதற்கு அளவும் கணக்கும் வைத்தன. இந்த ஏற்பாட்டைத் தமிழில் விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறார்கள், அலுவலகங்களில் இ.பி.ஆர். என்றால்தான் புரியும்.

நெறிகளின் சாரம் இதுதான். பிளாஸ்டிக் உறையைச் செய்பவர், இறக்குமதி செய்பவர், அந்த உறையில் தன் பெயரைப் போட்டுப் பொருள் விற்பவர் ஆகிய மூவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கு மேல் வணிகம் செய்தால் மத்திய வாரியத்திடமும், ஒன்று அல்லது இரண்டு மாநிலங்களுக்குள் என்றால் மாநில வாரியத்திடமும் பதிவு பெற வேண்டும். சந்தையில் இறக்கிய பிளாஸ்டிக் அளவில் 2021-22இல் 25 விழுக்காட்டுக்கும், 2022-23இல் 70 விழுக்காட்டுக்கும், 2023-24 முதல் 100 விழுக்காட்டுக்கும் அவர்கள் கணக்குக் காட்டியாக வேண்டும். அதற்குள் மறுசுழற்சியின் குறைந்தபட்ச அளவு தனியே உண்டு. பாட்டில், டப்பா போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு 2024-25இல் 50 விழுக்காடாகத் தொடங்கி, 2027-28இல் 80 விழுக்காட்டை எட்ட வேண்டும். பால் கவர், எண்ணெய் பாக்கெட் போன்ற நெகிழ்வான உறைகளுக்கும், பிளாஸ்டிக்கோடு அலுமினியமோ காகிதமோ சேர்ந்த பல அடுக்கு உறைகளுக்கும் அதே காலத்தில் 30 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடு. இலக்கை எட்டாதவர் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிவிட்டாலும் பொறுப்பு தீர்ந்துவிடாது, நிறைவேறாத அளவு அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தலையில் நிற்கும். முதல் ஆண்டுக்குள் நிறைவேற்றினால் கட்டியதில் 75 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு இருந்தும் எங்கள் மதகில் பாக்கெட் ஏன் குறையவில்லை? இதற்கான விடையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பதில் கடிதம். தின்பண்ட நிறுவனம் ஒன்றுக்கு எங்கள் குழு எழுதியதற்கு, தாங்கள் தங்கள் இலக்கை முழுமையாக நிறைவேற்றிவிட்டதாக இரண்டே வரியில் பதில் வந்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று புரிந்தது. இலக்கு என்பது எடைக்குத்தான். எந்த ஊரில் விற்ற உறையோ அதே ஊரில் எடு என்று அது சொல்லவில்லை. மலிவாகச் சேகரிக்கக்கூடிய ஏதோ ஒரு பெருநகரத்துக் குப்பையை வைத்துக் கணக்கை முடித்துவிட்டால், வலங்கைமான் பக்கத்து வாய்க்காலில் கிடப்பது யார் கணக்கிலும் வராது. ஆகவே நாம் செய்ய வேண்டியது, நம் ஊர்ச் சாக்குமூட்டையை அந்தக் கணக்குக்குள் நுழைப்பது. எடையும் பெயரும் எழுதப்படாத மூட்டை எந்தக் கணக்கிலும் நுழையாது.

எடை நோட்டு

ஊரில் சேரும் மட்காத குப்பை முழுவதையும் முதல் நாளே வகை பிரிக்க முயன்றால் மூன்றாம் வாரத்தில் அலுத்துவிடும். ஐந்து சாக்குகள் போதும். தண்ணீர், குளிர்பான பாட்டில்களும் கெட்டி டப்பாக்களும் ஒன்றில், பால், எண்ணெய், தயிர் கவர்கள் ஒன்றில், சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு, பாக்குப் பொட்டலங்கள் ஒன்றில், காகிதமும் அட்டையும் ஒன்றில், கண்ணாடி ஒன்றில். பூச்சிமருந்துக் கலன்களை இவற்றில் எதனோடும் சேர்க்கக் கூடாது. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

பால் கவரைப் பற்றி வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முனையைத் துண்டாக வெட்டி எறியாமல், பாதி வெட்டித் தொங்கவிட வேண்டும். அந்தச் சுண்டுவிரல் நகமளவு துண்டை எந்தத் தூய்மைக் காவலராலும் பொறுக்க முடியாது, சல்லடையிலும் நிற்காது, கடைசியில் உரக்குழியில் மண்ணோடு கலந்து வயலுக்கே போய்ச் சேரும். கவரை அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட்டால் நாற்றமும் இல்லை, எறும்பும் இல்லை. கழுவாத கவரை வாங்குகிறவர் விலையைக் குறைப்பார், அல்லது வாங்கவே மாட்டார்.

எடை போடும் முன் சரக்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சரக்கை எடை போட்டு எழுதினால், வாங்குகிறவர் தராசில் அது பாதியாகி, நம் நோட்டின் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லாமல் போகும். களத்தில் இரண்டு வெயில் காட்டினால் போதும். ஆனால் அறுவடை நாளில் களத்தைக் கேட்டால் வசவுதான் கிடைக்கும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே ஒரு பழைய மீன்வலையைப் போர்த்துங்கள்; நாகப்பட்டினம் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் வலை சும்மாவே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்குக் கீழே தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் அடுக்காவிட்டால், குறிப்பாக அட்டை, எடைக்கும் ஆகாது விலைக்கும் ஆகாது.

நோட்டில் தேதி, தெரு, வகை, எடை, எடை போட்டவர் கையெழுத்து, சரக்கு எங்கே போனது என்ற பத்திகள் இருக்கட்டும். கொக்கித் தராசு கைக்கு எளிது என்றாலும், பின்னால் அலுவலகத்தில் இந்தக் கணக்கை நீட்டப் போகிறோம் என்பதால் தொழிலாளர் துறையின் முத்திரை பெற்ற தராசாகவே பயன்படுத்துங்கள். நியாயவிலைக் கடையிலோ உரக்கடையிலோ கேட்டால் மாதம் ஒருநாள் கொடுப்பார்கள்.

நிறுவனவாரிக் கணக்கை எல்லா மூட்டைக்கும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, மூன்றாம் வகைச் சாக்கில் ஏதேனும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தார்ப்பாயில் கொட்டி, நிறுவனவாரியாகப் பிரித்து, முதல் பத்துப் பெயர்களுக்கு மட்டும் எண்ணிக்கையும் எடையும் எழுதினால் போதும். எண்ணிக்கையைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் ஷாம்பு பொட்டலம் நூறு இருந்தாலும் தராசு முள் அசையாது. பொட்டலத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்து வெவ்வேறு பெயருள்ள பொருள்களின் பின்பக்கத்தில் ஒரே நிறுவனத்தின் பெயர் இருக்கும். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பவர் அல்லது விற்பவரின் முகவரியும் நுகர்வோர் தொடர்பு எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். பிளாஸ்டிக் உறைக்கான பதிவு எண்ணையும் தேடுங்கள். 2025 ஜூலை 1 முதல் பதிவு விவரத்தைக் கியூஆர் குறியீட்டிலோ பார்கோடிலோ தரவும் வழி செய்யப்பட்டிருப்பதால், எண் கண்ணில் படவில்லை என்றால் கைபேசியில் அந்தக் கட்டத்தை ஒருமுறை வருடிப் பாருங்கள். எண்ணும் இல்லை, குறியீடும் இல்லை என்றால் அந்த உறையை எறியாமல் தனிக் கவரில் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அது ஒரு சான்று.

பள்ளிப் பிள்ளைகளை இந்தப் பிரிப்பு வேலைக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொடி எழுத்து அவர்களுக்குத்தான் தெரிகிறது என்பது உண்மை; ஆனால் உறையில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. வேண்டுமானால் கழுவிக் காய்ந்த மாதிரிகளை மட்டும் மேசையில் வைத்து வாசிக்கச் சொல்லலாம்.

யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்க இயலாது

ஊர்க்காரர் முதலில் சுட்டுவது உள்ளூர் முறுக்குக் கம்பெனியையும் அரிசி ஆலையையும்தான். ஆனால் தன் பெயரில் பொருள் விற்கும் குறு, சிறு நிறுவனங்கள் இந்த இலக்குகளுக்குள் வரமாட்டா. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, 25 கோடி ரூபாய் வரை முதலீடும் 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதலும் உள்ளது சிறு நிறுவனமே. அதாவது கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நாம் பெரிய கம்பெனி என்று நினைக்கிற பலவும் சட்டத்தின் கண்ணில் சிறியவை. அவர்களிடம் சட்டம் பேசிப் பயனில்லை, மனிதர் பேசலாம். வாரம் ஒருமுறை வண்டி வரும்போது வெற்று உறையையும் அட்டையையும் ஏற்றிச் செல்லக் கேட்டால், தெரிந்த முகம் என்பதால் மறுப்பவர் குறைவு.

ஒன்றில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை: மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, தட்டு, உணவு கட்டும் தாள் முதலியவற்றுக்குச் சிறிய கடை, பெரிய கடை என்ற பேதம் கிடையாது. இவற்றை மறுசுழற்சிக் கணக்கில் எழுத வேண்டாம். தனியே எழுதிப் புகாரளிக்க வேண்டும். டீக்கடைக் காகிதக் கோப்பையைக் காகிதச் சாக்கில் போட்டுவிட்டுக் காகிதமாயிற்றே என்று சமாதானம் சொல்பவர்கள், அதை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பார்க்கட்டும். உள்ளேயிருந்து மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு கையோடு வரும்.

பூச்சிமருந்துக் கலன்கள்

நகரத்து வழிகாட்டிகள் இதைத் தொடுவதில்லை. டெல்டாவில் இதுதான் தலையாயது. குறுவையிலும் சம்பாவிலும் மருந்தடித்த மாலையில் வரப்போரத்தைப் பார்த்தால், மருந்து கலக்கிய இடத்தில் நான்கு பாட்டிலும் பத்துப் பொட்டலமும் கிடக்கும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், காலிக் கலன்களை உடைத்துக் குடியிருப்புகளுக்கு அப்பால் புதைக்கச் சொல்லின. ஆறடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மண்ணில், அந்தத் தண்ணீரையே கைக்குழாயில் அடித்துக் குடிக்கிற ஊரில், எங்கே புதைப்பது?

நடைமுறையில் செய்யக்கூடியது மூன்று முறை அலசுவது. மருந்தைத் தெளிப்பான் தொட்டியில் ஊற்றிய உடனே, கலனில் கால் பங்கு நல்ல தண்ணீர் விட்டு மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இப்படியே மூன்று தடவை. உடனே செய்ய வேண்டும் என்பது முக்கியம். ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால் மருந்து சுவரில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது. அலசிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண். பணம் கொடுத்து வாங்கிய மருந்தின் கடைசிச் சொட்டும் பயிருக்கே போகிறது என்று சொன்னால் விவசாயி செய்வார். சுற்றுச்சூழல் என்று தொடங்கினால் கேட்டுவிட்டுப் போய்விடுவார். கடைசியாக அடியில் ஆணியால் துளையிட வேண்டும். துளையிடாத டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பவரும், இன்னும் மோசமாக வயலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறவரும் இருக்கிறார்கள்.

அலசித் துளையிட்ட கலன்களைப் பூட்டுள்ள இடத்தில் சேர்த்து வைத்து, பருவத்துக்கு ஒருமுறை நிறுவனவாரியாக எண்ணி எழுதுங்கள். இவற்றைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம்; அங்கிருந்து எந்தக் குடமாக, எந்தத் தட்டாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. மருந்துக் கடைக்காரரிடம் பேசுங்கள்; அவருக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டி திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. எங்கள் பக்கத்து மருந்துக் கடை ஒன்றில், "விற்பதுதான் என் வேலை" என்று முதலில் கைவிரித்தார்கள். எந்த நிறுவனத்தின் கலன் எத்தனை என்ற பட்டியலை எழுதி அவர் மூலமாகவே அந்தந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிக்கு அனுப்பிய பிறகு, கடையின் பின்புறம் ஒரு தகர டிரம் வைக்கச் சம்மதித்தார். அதிலிருந்து சரக்கு எடுக்கப்படுவது இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வரப்பில் கிடப்பது கண்கூடாகக் குறைந்திருக்கிறது. உரச்சாக்கைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது நெல் காயவைக்கும் படுதாவாகவும், மாட்டுக்கொட்டகைத் தடுப்பாகவும், மழைக்குக் கொங்காணியாகவும் ஆகி நைந்த பிறகே குப்பைக்கு வரும்.

காகிதமும் கண்ணாடியும்

காகிதத்துக்கு இந்தப் பகுதியில் வாங்க ஆளுண்டு. கரூர் மாவட்டத்தில், காவிரிக்கரைப் புகளூரை ஒட்டிய காகிதபுரத்தில், தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனத்தின் ஆலை கரும்புச் சக்கையோடு பழைய காகிதத்தையும் மை நீக்கிக் கூழாக்குகிறது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அதன் அட்டை ஆலை இருக்கிறது. ஆகவே காய்ந்த அட்டையும் செய்தித்தாளும் தெருவில் கிடப்பதில்லை, வண்டிக்காரரே வீட்டு வாசலில் வந்து வாங்கிப் போகிறார். கிடப்பதெல்லாம் எண்ணெய் குடித்த பஜ்ஜித் தாள், பிளாஸ்டிக் பூசிய அட்டை, பளபளப்புத் தாள் ஒட்டிய திருமணப் பத்திரிகை, பழச்சாறு அட்டைப்பெட்டி ஆகியவைதாம். காகிதம், கண்ணாடி, உலோக உறைகளுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை விரிக்கும் விதிகளின் வரைவை ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்த உத்தேசித்தது. எனவே காகிதச் சாக்கையும் இப்போதே இரண்டாகப் பிரித்து, விலைபோகாத காகிதத்தைத் தனியே எடைபோட்டு வைப்பது நல்லது. ஆலைக்குப் போகிற அட்டையைக் காட்டி நிறுவனங்கள் கணக்கை முடித்துக்கொள்ளும்போது, போகாததை நாம் காட்ட வேண்டியிருக்கும்.

கண்ணாடியில் ஒரு முன்மாதிரி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பிறகு டெல்டா மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. என் வயலில் நடவுக்கு வந்த பெரியம்மா ஒருவரின் பாதத்தில் சேற்றுக்குள் கிடந்த பாட்டில் சில்லு ஏறி, ஏழு தையல் போட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவருக்குக் கூலி இல்லாமல் போயிற்று. மது கூடாது என்று அதற்கு முன் எத்தனையோ பேர் பேசியும் குறையாத பாட்டில், பத்து ரூபாய் ஒட்டிக்கொண்டதும் வரப்பிலிருந்து மறைந்தது. குடித்தவர் போட்டாலும் பொறுக்க நாலு பேர் இருந்தார்கள். குளிர்பான நிறுவனங்களுக்கும் பூச்சிமருந்து நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதும்போது இதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

யாரிடம் கொடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். இலக்கை நிறைவேற்றியதாகக் காட்ட உற்பத்தியாளருக்குத் தேவையான மறுசுழற்சிச் சான்றிதழை ஊராட்சி தர முடியாது. வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையால் மட்டுமே உருவாக்க முடியும். நம் சரக்கு பதிவில்லாத கடைக்குப் போனால் அது கிலோவுக்குச் சில ரூபாயோடு முடிந்தது. பதிவு பெற்ற ஆலைக்கு, நேரடியாகவோ அதற்குச் சரக்குச் சேர்த்துக் கொடுப்பவர் வழியாகவோ போனால், அதே மூட்டை ஒரு நிறுவனத்தின் இலக்கைத் தீர்க்கும் சரக்காகிறது; சரக்கு விலைக்கு மேல் அந்தச் சான்றிதழுக்கும் தனி விலை உண்டு. அந்தக் கூடுதல் விலையில் பங்கு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஆலைகளின் பட்டியல் மத்திய வாரியத்தின் இணையவாசலில் கிடைக்கிறது.

தனி ஊராட்சி ஒன்றின் சரக்குக்கு எந்த ஆலையும் லாரி அனுப்பாது. ஒன்றிய அளவில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு இருந்தால் அங்கே சேர்த்து அழுத்திக் கட்டலாம்; இல்லையென்றால் ஐந்தாறு ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கொட்டகை பிடிக்கலாம். ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டு, ரசீது, வாகன எண், ஆலையின் பதிவு எண் ஆகிய நான்கையும் வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். இது வெறும் சம்பிரதாயமில்லை. 2023இல் சில ஆலைகள் மறுசுழற்சி செய்யாமலேயே ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியதை மத்திய வாரியமே கண்டுபிடித்தது. எங்கிருந்து வந்த சரக்கு என்று சொல்ல ஒரு நோட்டு இருக்கும் இடத்தில் அந்த வேலை நடக்காது.

பல அடுக்குப் பாக்கெட்டுகளை அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பலாம் என்பார்கள். வாய்க்காலில் கிடப்பதைவிட அது மேல். ஆனால் அது மறுசுழற்சிக் கணக்கில் சேராது. மறுசுழற்சிக்கு ஆகாததை இறுதியாக அகற்றும் கணக்கில்தான் சேரும். எனவே ரசீதில் எந்த வகை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். பால் கவரையும் பாட்டிலையும் அதோடு சேர்த்து ஏற்றிவிட அனுமதிக்காதீர்கள்.

தீர்மானம், கடிதம், மனு

மூன்று மாதக் கணக்கு கையில் சேர்ந்ததும் அடுத்துவரும் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள் உண்டு. தீர்மானம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இவ்வூராட்சியில் சேகரிக்கப்பட்ட பொட்டல உறைகளின் எடைக் கணக்கை இச்சபை ஏற்கிறது, கணக்கில் காணும் நிறுவனங்கள் தம் உறைகளைத் திரும்ப எடுக்கும் ஏற்பாட்டையும் அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் எனக் கோருகிறது, தீர்மான நகலை நிறுவனங்களுக்கும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அனுப்ப முடிவு செய்கிறது" என்ற அளவில் இருந்தால் போதும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய நகலில் தலைவரோ தனி அலுவலரோ கையெழுத்திட வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் வசைபாட வேண்டாம். அவர்களின் பெயருள்ள உறைகள் எத்தனை, எத்தனை கிலோ, எந்தெந்த மாதம் என்பதை முதல் பத்தியிலும், 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே உள்ளாட்சிக்கு நிதியுதவி செய்வதையும் மட்காத உறைகளைத் திரும்பச் சேகரிப்பதையும் நிறுவனத்தின் கடமையாகச் சொல்லியிருந்ததை இரண்டாம் பத்தியிலும், நாம் கேட்பதை மூன்றாம் பத்தியிலும் எழுதி, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். கேட்பது குறிப்பாக இருக்கட்டும்: அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒன்று, அல்லது பிரிக்கும் இருவருக்கு மாதக் கூலி, அல்லது மாதம் ஒருமுறை வண்டி. ஆவன செய்ய வேண்டுகிறோம் என்று முடித்தால், ஆவன செய்கிறோம் என்றுதான் பதில் வரும்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, அந்த நிறுவனத்தின் பதிவு எண், கடந்த ஆண்டு இலக்கு, நிறைவேற்றிய அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். அதோடு பத்திரப்படுத்தி வைத்த பதிவெண் இல்லாத உறைகளின் புகைப்படங்களை இணைத்துத் தனிப் புகாராக மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுங்கள். சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வை அணுகுவது கடைசி வழி. பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் கடிதத் தேதிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

எப்போது அனுப்புவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. நிறுவனங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும். இலக்கை எட்டாதவர்களின் பட்டியலை வாரியம் செப்டம்பர் 30க்குள் வெளியிட வேண்டும். ஆகவே நம் நோட்டையும் மார்ச் 31ஆம் தேதி கூட்டி முடித்து, ஏப்ரலில் கடிதத்தை அனுப்பி, மே 1 கிராம சபையில் வந்த பதில்களைப் படித்துக் காட்டுவது சரியாக இருக்கும். அதற்குப் பிறகு வாய்க்கால் தூர்வாரும் வேலை தொடங்கிவிடும். மதகருகே தார்ப்பாயை விரித்து அடுத்த ஆண்டின் முதல் மூட்டையை அங்கேயே பிரிக்கலாம்.